காந்தக் காய்ச்சல்

முள்ளிக்கரையில் அந்தக் குளிர் முதன்முதலாக வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சித்திரை வெயிலில் தார்ச்சாலை இளகிக்கொண்டிருந்த நேரத்தில், ஊருக்கு மேற்கே குன்றின்மேல் இருக்கும் ஆய்வு நிலையத்தில் ஜெபக்கனி என்ற விஞ்ஞானி பென்சிலைவிட ஒல்லியான ஒரு கண்ணாடிக் குழாயைப் பெரிய காந்தத்தின் வாய்க்குள் இறக்கிய அதே நொடியில். ரைஸ்மில் முதலாளி வைரவன் கல்லாவில் உட்கார்ந்தபடியே பல்லடித்தார். பஸ் நிலையத்தில் வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தவன் கூடையோடு சரிந்தான். ஓய்வுபெற்ற ஏட்டு சங்கரலிங்கம் சவரம் செய்துகொண்டிருந்தவர் கன்னத்தைக் கிழித்துக்கொண்டார். பாதி ஊரைப் பூமிக்கு இறக்கிக் கொடுத்த மருத்துவச்சி, கொதிக்கும் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றும் குளிர் தாங்காமல் அடுப்புத் தணலுக்குள் கையை நீட்டினாள். சாயங்காலம் ஜெபக்கனி குழாயை வெளியே எடுத்தாள், எல்லாருக்கும் ஒரே சமயத்தில் குளிர் விட்டது, வேர்த்துக் கொட்டியது, பசித்தது.

முள்ளிக்கரை வெட்டுக்குப் பேர்போன ஊர். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் எப்போதிலிருந்து பகை என்று யாருக்கும் தெரியாது. வாய்க்கால் தண்ணீருக்காக வெட்டினார்கள், தேர்வடத்தை முதலில் தொட்டதற்காக வெட்டினார்கள், டீக்கடையில் கால்மேல் கால் போட்டதற்காக வெட்டினார்கள், வெட்டினவனை வெட்டினார்கள், வெட்டினவன் கிடைக்காவிட்டால் அவன் தம்பியை வெட்டினார்கள். வாழைத்தோப்பில் பிணம் கிடக்கும், போலீஸ் வரும், சாட்சி சொல்ல ஆள் இருக்காது, வழக்கு தானாக நொந்து அடங்கும். ஜெபக்கனியின் அண்ணன் ஆமோஸும் அப்படித்தான் செத்தான். கல்லூரி பஸ்ஸுக்காகப் பட்டப்பகலில் நின்றவனை யாரோ கழுத்தில் வெட்டிவிட்டுப் போனார்கள். ஏறத் தயாராக இருந்த ஐம்பது பேரும் எதையும் பார்க்கவில்லை. அந்த ஊரை விட்டுப் படிக்கப் போன ஜெபக்கனி, படித்து முடித்து அதே ஊருக்குத் திரும்பி வந்ததற்குக் காரணம் காந்தம் அங்கே இருந்ததுதான். கணவர் தனராஜுக்கும் அந்த ஊர் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர் வேலை. பிள்ளை இல்லை. அமைதியான மனுஷன், பையன்களை அடிக்கக்கூட மாட்டார் என்று பெயர்.

குழாய்க்குள் இருந்தது மலேரியா ஒட்டுண்ணியின் புரதம் ஒன்று. அந்த ஒட்டுண்ணி ரத்தத்துக்குள் வந்ததும் ஒரு சிவப்பணுவைத் தேடிப் பிடித்து, இந்தப் புரதத்தைக் கொக்கிபோல மாட்டி, தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. உள்ளே போய் வயிறுமுட்டத் தின்று, குட்டி போட்டு, அந்தச் சிவப்பணுவை உடைத்துக்கொண்டு கூட்டமாக வெளியே வந்து அடுத்த சிவப்பணுவின்மேல் பாய்கிறது. அந்த உடைப்புத்தான் நோயாளிக்குக் குளிர். கொக்கியின் உருவம் தெரிந்தால் அதை முறிக்கும் மருந்தை வடிக்கலாம். எந்த உருப்பெருக்கிக் கண்ணாடியிலும் அது தெரியாது. பெரிய காந்தத்துக்குள் வைத்தால் புரதத்தின் அணுக்கள் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும். ரேடியோ அலையால் ஒரு தட்டுத் தட்டினால் ஒவ்வொன்றும் தன் குரலில் பதில் சொல்லும், தனக்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடும். அந்தப் பதில்கள் திரையில் புள்ளிகளாக விழும். ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சேர்த்துத்தான் உருவத்தைக் கட்டவேண்டும். ஒரு தடவை குழாயை இறக்கினால் ஒரு பகலும் போகும், மூன்று பகலும் போகும். அவ்வளவு நேரமும் குன்றின்மேல் ஒரு சிவப்பு விளக்கு எரியும், ஊரிலிருந்து பார்த்தால் தெரியும்.

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை குழாய் இறங்கியபோதும் அதே ஆட்கள் நடுங்கினார்கள். சுகாதாரத் துறைக்காரர்கள் சந்தைத் திடலில் பந்தல் போட்டு, நடுங்குகிறவர்களை வரிசையில் நிற்கவைத்து, விரலைக் குத்தி ரத்தம் எடுத்தார்கள். ஒருவர் ரத்தத்திலும் ஒட்டுண்ணி இல்லை. வரிசையில் கம்பளி போர்த்தி நின்ற ஏட்டு சங்கரலிங்கம், தனக்கு முன்னால் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார், பின்னால் திரும்பியும் பார்த்தார், பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஏட்டையா, மயக்கமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"இல்ல தாயி. இதுல நிக்கிற எல்லாரையும் எனக்குத் தெரியும். பாதிப் பேரை நான் பிடிச்சேன், மீதிப் பேரைப் பிடிக்காம விட்டேன். எல்லாரும் உசிரை எடுத்தவங்க."

"அப்ப நீங்க?"

"ஸ்டேஷன்ல ஒருத்தனை விசாரிச்சேன். விசாரிக்கயில செத்துட்டான்."

அவர் சொன்னதை யாரும் மறுக்கவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. மருத்துவச்சி நடுங்கினாள் என்றதும் ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எத்தனையோ வீடுகளில் பெண் குழந்தை பிறந்த அன்றே அவள் கையால் நெல்மணி வாங்கிச் செத்த பழைய கதை எல்லாருக்கும் தெரியும். தன் லாரியில் அடிபட்ட சிறுவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய டிரைவருக்குக் குளிரவில்லை. காரில் ஒருவனை அடித்துவிட்டு நிற்காமல் போன ஒப்பந்ததாரர் மகனுக்குக் குளிர்ந்தது. வெட்டச் சொல்லி அனுப்பியவர்களுக்குக் குளிரவில்லை, வெட்டியவர்களுக்கு மட்டும்தான் குளிர்ந்தது. அதில் நியாயம் உண்டா என்று டீக்கடையில் கொஞ்ச நாள் விவாதம் நடந்தது. இதே குழாயை வேறு ஊர்க் காந்தம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்தாள் ஜெபக்கனி. அங்கே யாருக்கும் குளிரவில்லை, திரையில் ஒரு புள்ளியும் விழவில்லை. முள்ளிக்கரையில் வைத்தால்தான் அது பேசியது.

ஊர் அதற்குப் பழகிக்கொண்டது. துணிக்கடைக்காரர் கோடையில் கம்பளி வரவழைத்தார். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள் குன்றின்மேல் சிவப்பு விளக்கு எரிகிற நாளாகப் பார்த்துப் போனார்கள், மாப்பிள்ளைக்கு வேர்க்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினார்கள். சில வீடுகளில் தலைகீழாக, நடுங்குகிற மாப்பிள்ளைதான் வேண்டும் என்றார்கள். தேர்தலுக்கு ஆள் நிறுத்தும்போதும் அப்படித்தான். மீசை அரும்பாத பையன்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பொய்யாகப் பல்லடித்துத் திரிந்தார்கள். நிஜமாக நடுங்கியவர்கள் ஊர்ப் பாலத்தைத் தாண்டினால் குளிர் விட்டுவிடுகிறது என்று கண்டுபிடித்து, வெட்கப்படுகிறவர்கள் மட்டும் விளக்கு எரிந்ததும் அக்கரைக்குப் போய் உட்கார்ந்தார்கள். வெட்கப்பட்டவர்கள் அதிகம் இல்லை.

இதில் நாறிப்போனவன் சிங்கத்துரை. மூன்று பேரை வெட்டியதாகச் சொல்லியே இருபது வருஷமாக ஓசியில் குடித்தவன், ஓசியில் சாப்பிட்டவன், சந்தையில் நடந்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். விளக்கு எரிந்த ஒவ்வொரு நாளும் அவனுக்குக் கழுத்தோரம் வேர்த்து ஊற்றியது. பரோட்டாக் கடையில் முதன்முறையாக அவனிடம் காசு கேட்டார்கள். பெண்டாட்டி விசிறியை எடுத்து வந்து, "ரொம்ப வேர்க்குதோ?" என்று கேட்டாள். அன்று மத்தியானமே அவன் பஸ் நிலையத்துக்குப் போய், சுமைதூக்கும் மேடையில் படுத்திருந்த வாய்பேசாத ஒருவனை, ஓட்டல்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்து வயிறு வளர்த்தவனை, எழுப்பி உட்காரவைத்து வெட்டினான். அந்த ஊமையனுக்குப் பெயரே யாருக்கும் தெரியாது. அடுத்த விளக்குக்குச் சிங்கத்துரை சட்டையில்லாமல் சந்தை நடுவில் நின்று நடுங்கினான். யாரும் எழுந்து நிற்கவில்லை. ஒரு கிழவி வந்து அவன் முகத்தில் துப்பிவிட்டுப் போனாள்.

ஆனால் அன்றைக்குத்தான் ஊருக்கு ஒன்று புரிந்தது: நடுங்குகிறவனால் கையைத் தூக்க முடியாது.

ரைஸ்மில் வைரவனைக் கம்பளிக்குள் வைத்தே வெட்டினார்கள். அவரால் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிடக்கூட முடியவில்லை, கைகள் தனித்தனியாக ஆடிக்கொண்டிருந்தன. வெட்டியவன் அவரால் செத்த ஒருவனுடைய தம்பி. கத்தியைத் துடைக்கும் முன்பே அவனுக்கும் குளிர் தொடங்கியது. வைரவனின் மகன் வந்து பார்த்தபோது அவன் மில் வாசலில் தவிட்டுக் குவியலுக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தான், அங்கேயே அவன் தலை போயிற்று. மகன் தெருமுனை போவதற்குள் நடுங்கினான், அங்கே வேறொருவன் காத்திருந்தான். விளக்கு எரிகிற நேரம் வெட்டுகிற நேரமாயிற்று. நடுங்காதவர்கள் நடுங்குகிறவர்களைத் தேடிப் போனார்கள், போன இடத்தில் நடுங்கினார்கள், அவர்களைத் தேடி நடுங்காத வேறு ஆட்கள் வந்தார்கள். மருத்துவச்சியை அவள் கையால் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியே அம்மிக்கல்லில் மோதினாள். யாரை வெட்டியதற்காகக் குளிர்கிறது என்று குளிர் சொல்வதில்லை. அதனால் ஆளாளுக்கு ஊகித்தார்கள், ஊகித்த உடனே வெட்டினார்கள். சிங்கத்துரையை மட்டும் யாரும் வெட்டவில்லை. ஊமையனுக்குக் கேட்க ஆள் இல்லை.

கருவியை நிறுத்தச் சொல்லி வழக்கு கோர்ட்டுக்குப் போனது. குளிர் ஒரு சாட்சி ஆகாது, கருவியைத் தடைசெய்யச் சட்டத்தில் இடமில்லை என்றார் நீதிபதி. கடைசியில் ஜெபக்கனியே நிறுத்துவதாகச் சொன்னாள். பாதிக்கு மேல் புள்ளிகள் சேர்ந்திருந்தன, உருவம் கால்வாசிகூடத் தெளியவில்லை. பரிசோதனை இனி நடக்காது என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஊருக்குள் சொல்லவைத்தாள். வீட்டுக்கு வந்தபோது தனராஜ் வழக்கம்போலக் கேட்டார்: "நாளைக்கு மிஷின் ஓடுதா ஜெபா?" தினமும் அதைத்தான் கேட்பார். தன் வேலையில் இவ்வளவு அக்கறை உள்ள புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

"இனிமே ஓடாதுங்க," என்றாள்.

அவர் கண்ணை மூடி, வெகுநேரம் கழித்துத் திறந்தார். "நல்லது," என்றார்.

மறுநாள் பேச்சியம்மாள் குன்றேறி வந்தாள். கீழத்தெருவில் பீடி சுற்றுகிறவள், சுற்றிச் சுற்றி இடது தோள் இறங்கிப்போனவள். ஜெபக்கனியின் அறையில் நாற்காலி கொடுத்தும் உட்காராமல் சுவரோரமாகக் குத்தவைத்தாள்.

"மிஷினை நிறுத்திட்டீகளாம்லா, டாக்டரம்மா."

"ஆமாம்மா. ஊரு தாங்காது."

"எம் மூத்தவன் கொம்பையாவை வாழைத்தோப்புல வெட்டிப் போட்டாவ. தலை ஒரு பாத்தியில கெடந்துச்சு, உடம்பு ஒரு பாத்தியில கெடந்துச்சு. நாந்தான் ரெண்டையும் சேத்து வச்சேன். இத்தனை தடவ விளக்கு எரிஞ்சுதே, நடுங்குத மூஞ்சி ஒவ்வொண்ணா போய்ப் பாத்தேன். ஒருத்தனும் அவன் இல்ல."

"பாத்தா எப்படிம்மா தெரியும்?"

"தெரியும். இன்னும் ஒரு மூஞ்சி பாக்கி இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவ ஓட்டுங்க."

"இன்னொரு தடவை ஓட்டினா இன்னும் நாலு தலை விழும்."

"உங்க அண்ணனையும்தான் வெட்டினாவ," என்றாள் பேச்சியம்மாள். "அவன் யாருன்னு பாக்கணும்னு உங்களுக்கு இல்லையா?"

ஜெபக்கனி அவளைக் கதவுவரை கொண்டுவிட்டாள். மறுநாள் காலை யாரிடமும் சொல்லாமல், சிவப்பு விளக்கின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு, குழாயைக் காந்தத்துக்குள் இறக்கினாள். புரதம் இன்னும் சில நாளில் திரிந்து போகும், அதற்குள் எடுத்துவிடவேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது உண்மைதான். பேச்சியம்மாள் கேட்ட கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை என்பதும் உண்மைதான்.

பள்ளி மைதானத்தில் பையன்களை ஓடவிட்டு விசிலோடு நின்றிருந்த தனராஜ், விசிலை ஊத வாயில் வைத்தார். விசில் விட்டுவிட்டு, விட்டுவிட்டு, நிற்காமல் ஒலித்தது. பையன்கள் திரும்பிப் பார்த்தபோது சார் மண்ணில் முழங்காலிட்டு நடுங்கிக்கொண்டிருந்தார். தலைமையாசிரியர் ஆட்டோ பிடித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு ஜெபக்கனிக்குப் போன் செய்தார். அவள் வந்து சேர்ந்தபோது தனராஜ் சமையலறைத் தரையில், எரியும் கேஸ் அடுப்புக்குக் கீழே, வீட்டில் இருந்த போர்வைகளையெல்லாம் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடந்தார். முதல் செவ்வாய்க்கிழமை அவள் வீடு திரும்பியபோதும் போர்வைகள் இங்கேதான் குவிந்து கிடந்தன, வெயில் காய்ச்சல் என்றார். அதற்குப் பிறகு விளக்கு எரிந்த நாளெல்லாம் பையன்களை விளையாட்டுப் போட்டிக்குப் பாலம் தாண்டிக் கூட்டிப் போயிருந்தார்.

"இனிமே ஓடாதுன்னியே ஜெபா," என்றார்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள். "யாரை?"

"கொம்பையாவை."

"எதுக்கு?"

"உங்க அப்பா கேட்டார். ஆமோஸை வெட்டினது கொம்பையாதான்னு அவர்கிட்ட யாரோ சொல்லியிருக்காங்க. அவனை முடிக்கிறவனுக்குத்தான் எம் பொண்ணுன்னார். உன்னை எனக்கு அப்பவே பிடிக்கும்."

"அவன்தான் வெட்டினான்னு உங்களுக்குத் தெரியுமா?"

பற்கள் அடித்துக்கொண்டதில் அவர் சொன்னது துண்டுதுண்டாக வந்தது. "நான் இல்ல சார், அன்னிக்கு எங்க அம்மாவோட ஆஸ்பத்திரில இருந்தேன்னு சொன்னான். சாகப்போறவன் வேற என்ன சொல்வான்னு நெனச்சேன்."

ஜெபக்கனி அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்த ஆள், அவள் தலைக்குப் பூ வாங்கி வந்த ஆள். அப்பாவின் கல்லறையில் வருஷாவருஷம் இருவரும் சேர்ந்துதான் மெழுகுவத்தி ஏற்றினார்கள். எழுந்து குன்றுக்குப் போய்க் குழாயை வெளியே எடுத்தால் இவருக்குக் குளிர் விடும் என்று அவளுக்குத் தெரிந்தது, ஆனால் எழவில்லை. நடுங்கட்டும் என்று இருந்தது.

அப்போது வாசல் கதவு உடைந்தது. வந்தவன் பலவேசம், பேச்சியம்மாளின் இளைய மகன், ஊரில் ஆட்டோ ஓட்டுகிறவன். தனராஜைப் பள்ளியிலிருந்து வீட்டில் கொண்டுவந்து விட்டதே அவன் ஆட்டோதான். விட்டுவிட்டு வீட்டுக்குப் போய், இதுவரை நடுங்காத வாத்தியார் நடுங்குகிறார் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அதுவரை யார்மேலும் கை வைக்காதவன். அரிவாளைப் பிடிக்கவே தெரியவில்லை, விறகு வெட்டுவதுபோல இரண்டு கையாலும் தலைக்குமேல் ஓங்கி இறக்கினான். கழுத்துக்கு வைத்த வெட்டு தனராஜின் தோளில் விழுந்து எலும்பில் சிக்கிக்கொண்டது. அவர் தடுக்கவில்லை, தடுக்க அவரால் முடியவும் இல்லை. சுவரெல்லாம் ரத்தம். பலவேசம் அவர் நெஞ்சில் காலை வைத்து அரிவாளைப் பிடுங்கினான். பிடுங்கி மறுபடி ஓங்கியபோது ஜெபக்கனி அம்மிக் குழவியைத் தூக்கி அவன் பின்னந்தலையில் போட்டாள். அவன் திரும்பி அவளைப் பார்த்தான், "அக்கா" என்றான், ஏதோ வாடகை கேட்க வந்தவன்போல. அவள் இன்னொரு தடவை போட்டாள். அவன் விழுந்த பிறகும் ஒரு தடவை போட்டாள்.

அவன் மூச்சு நின்றதும் அவளுக்குக் குளிர்ந்தது. உள்ளங்காலிலிருந்து ஏறி, முழங்காலைப் பிடித்து, வயிற்றைச் சுருட்டி, பல்லுக்கு வந்தது. அவள் தனராஜின் போர்வைக்குள் புகுந்துகொண்டாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தபோது இருவரும் ஒரே போர்வைக்குள் ரத்தத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

தனராஜ் பிழைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கொம்பையா கொலையை ஒப்புக்கொண்டு ஜெயிலுக்குப் போனார். ஜெபக்கனி செய்தது தற்காப்பு என்று எழுதிக்கொண்டு ஜாமீனில் விட்டார்கள். நிலையத்துக்காரர்கள் குழாயை வெளியே எடுக்கும்வரை விளக்கு எரியாமல் ஓடிய அந்த ஒரு நாளில் மட்டும் முள்ளிக்கரையில் விழுந்த தலைகளை எண்ணி முடிக்க முடியவில்லை. முன்கூட்டியே தெரியாததால் யாரும் பாலத்தைத் தாண்டியிருக்கவில்லை, எல்லாரும் அவரவர் இடத்திலேயே அகப்பட்டார்கள். வாய்க்காலில் தண்ணீர் சிவந்து ஓடி, கீழ்மடை வயல்களில் நாற்று கருகியது. அதற்குப் பிறகு ஊரில் வீட்டுக்கு ஒருவராவது நடுங்குகிறவராக இருந்தார். ஆமோஸை வெட்டியவன் யார் என்பது கடைசிவரை தெரியவில்லை. இத்தனை பேர் நடுங்கினால் எவனைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது?

உருவம் முழுசாகத் தெரிய இன்னும் ஒரே ஓர் அளவீடு பாக்கி இருந்தது. ஜெபக்கனி புதிதாகப் புரதம் வடித்து, குழாயில் அடைத்து, சந்தைத் திடலில் ஊரைக் கூட்டினாள்.

"இதோட விட்டுட்டா, செத்தவங்க செத்ததுக்கு ஒண்ணுமே மிச்சம் இல்ல," என்றாள். "ஓட்டினா மருந்துக்கு வழி கிடைக்கும். உங்களுக்குக் குளிரும். எனக்கும் குளிரும். வேண்டாம்னா குழாயை இங்கேயே உடைச்சுடுறேன்."

கூட்டம் கசமுசவென்று பேசியது. ஏட்டு சங்கரலிங்கம் எழுந்தார், அவர் எப்படியோ இன்னும் உயிரோடு இருந்தார். "ஓட்டட்டும். இந்தத் தடவ எல்லாருமே நடுங்கப்போறோம். வெட்டுததுக்கு எவன் இருக்கான்?"

திடலின் ஓரத்தில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் தலையைத் தூக்காமலே, "ஓட்டட்டும்," என்றாள். அவள் ஒப்பினால் வேறு யார் மறுப்பது என்று கூட்டம் கலைந்தது.

அப்படித்தான் கடைசியாக விளக்கு எரிந்தது. மேலத்தெருக்காரர்களும் கீழத்தெருக்காரர்களும் கல்யாண மண்டபத்தில் ஜமக்காளம் விரித்து வரிசையாகப் படுத்தார்கள், அப்பனை வெட்டியவனுக்கும் வெட்டுப்பட்டவன் மகனுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை, குளிர் ஏறஏற அந்த ஒரு சாணும் போய் ஒருவர்மேல் ஒருவர் ஒட்டிக்கொண்டார்கள். காவலுக்கு வெளி மாவட்டத்திலிருந்து வந்த போலீஸ்காரர்களில் சிலபேர் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தாங்களும் வந்து படுத்தார்கள். சிங்கத்துரை தூணோரமாகத் தனியாகக் கிடந்தான். கடைசியில் யாரோ ஒருவர் கம்பளியின் ஒரு முனையை அவன் பக்கம் தள்ளினார். யாரையும் கொல்லாத கொஞ்சம் பேர், பெரும்பாலும் குழந்தைகளும் விதவைகளும், கஞ்சி வாளியோடு வரிசைக்குள் நடந்தார்கள்.

பேச்சியம்மாள் அந்த வரிசைக்குப் போகவில்லை. அரிவாளை முந்தானையில் சுற்றிக்கொண்டு வெயிலில் குன்றேறினாள். வாயிற்காவலர் தரையில் சுருண்டு கிடந்தார், அவரைத் தாண்டிப் போனாள். காந்தம் இருந்த கூடத்தில் ஜெபக்கனி கம்பளிக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள். பேச்சியம்மாள் உள்ளே கால்வைத்ததும் முந்தானைக்குள் இருந்த அரிவாள் தானாகக் காந்தத்தின் பக்கம் திரும்பியது.

"அங்கேயே நில்லுங்கம்மா," என்றாள் ஜெபக்கனி. "தரையில சிவப்புக் கோடு இருக்கு பாருங்க. அதைத் தாண்டினா அருவா உங்க கையைவிட்டுப் பறந்துபோய் மிஷின்ல ஒட்டிக்கும். எல்லாம் போயிடும். நான் வர்றேன்."

அவளால் நடக்க முடியவில்லை. கம்பளியை இழுத்துக்கொண்டு கையாலும் முழங்காலாலும் ஊர்ந்து கோட்டைத் தாண்டினாள், வாசற்படிக்கு வந்து உட்கார்ந்தாள்.

"பலவேசத்தை நாந்தான் அனுப்புனேன்," என்றாள் பேச்சியம்மாள். "அவன் மாட்டேன்னான். நீ ஆம்பளையான்னு கேட்டு அனுப்புனேன். அனுப்புனவளுக்குக் குளிராதாம்லா. குளிர்ந்திருந்தா தேவலை."

"நான் உங்க மகனைக் கொன்னேன். கீழ விழுந்த பிறகும் அடிச்சேன். அது தற்காப்பு இல்ல."

"தெரியும். மண்டையைச் சேத்து வச்சுக் கட்டினவளுக்குத் தெரியாதா." அரிவாளை வெளியே எடுத்தாள். "உன்னைக் கொன்னா நானும் போய் அந்த மண்டபத்துல படுக்கணும். அவங்களோட ஒரு கம்பளிக்குள்ள படுக்க எனக்கு இஷ்டமில்ல. எந்தக் கையால குழவியைத் தூக்குன?"

ஜெபக்கனிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "ரெண்டு கையாலயும்."

"ஒண்ணு போதும்."

வலது கையைப் படிமேல் வைத்தாள் ஜெபக்கனி. கை நிற்காமல் ஆடியது. பேச்சியம்மாள் தன் பாதத்தால் முழங்கைக்குக் கீழே மிதித்து அதை அசையாமல் பிடித்துக்கொண்டு, பீடி இலை நறுக்குகிற கவனத்தோடு பார்த்து, மணிக்கட்டுக்கு மேலே ஒரே வெட்டாக வெட்டினாள். கை படியிலிருந்து உருண்டு வாசல் மண்ணில் விழுந்தது. அரிவாளை எட்டத்தில் வீசிவிட்டு, சேலையைக் கிழித்து, முழங்கைக்குக் கீழே பல்லால் இழுத்து இறுக்கிக் கட்டினாள், மேலும் இறுக்கினாள், ரத்தம் சொட்டுச் சொட்டாகக் குறையும்வரை இறுக்கினாள். பிறகு ஜெபக்கனியை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் நின்று, வெட்டுப்பட்டு மிஞ்சிய கையைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"கீழே ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்தான். முடியட்டும்."

திரையில் புள்ளிகள் ஒவ்வொன்றாக விழுந்தன.

"அது என்னது?"

"எது எதுக்குப் பக்கத்துல இருக்குன்னு சொல்லுது," என்றாள் ஜெபக்கனி.

அன்று விழுந்த புள்ளிகளிலிருந்துதான் பிறகு அந்தப் புரதத்தின் முழு உருவமும் கிடைத்தது. அதை வைத்து வேறொரு நாட்டில் மருந்து வடித்தார்கள், மலேரியாவில் சாகக் கிடந்த குழந்தைகள் சிலருக்குக் குளிர் விட்டது. முள்ளிக்கரையில் அதற்குப் பிறகு வெட்டே நடக்கவில்லை என்று சொல்ல முடியாது, நடந்தது, முன்புபோல இல்லை. காந்தத்தை வேறு ஊருக்கு ஏற்றிப் போனார்கள். கையை வெட்டியது யார் என்று போலீஸ் கேட்டபோது யாரும் பார்க்கவில்லை என்றாள் ஜெபக்கனி, அந்த ஊர்க்காரர்கள் வழக்கமாகச் சொல்வதுபோல.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று சாயங்காலம் கடைசிப் புள்ளியும் விழுந்தது, கருவி நின்றது. ஜெபக்கனி பழக்கமில்லாத இடது கையை நீட்டி ஒரு பொத்தானை அழுத்தினாள். காற்று சீறியது, கண்ணாடிக் குழாய் காந்தத்தின் வாயிலிருந்து மெல்ல மிதந்து மேலே வந்தது. கீழே ஊரில் எல்லாரும் ஒரே சமயத்தில் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்து, பக்கத்தில் யார் படுத்திருக்கிறார் என்று பார்த்தார்கள். குன்றின்மேல் ஜெபக்கனிக்கு நடுக்கம் நின்றது. பற்கள் நின்றன, தோள்கள் நின்றன, உடம்பு முழுக்க வெதுவெதுவென்று சூடு பரவியது. அப்போதுதான் அவளுக்குக் கை வலித்தது. அவள் அலறிய அலறல் ஊர்வரை கேட்டது. பேச்சியம்மாள் பிடியை விடவில்லை.